திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிப் பார்க்க: மாதம், அனுமதி, காகிதம், செலவு

வருடம் தவறாமல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற நம்மூர்க்காரர்கள் பலர் காரையாறு அணையைப் பார்த்ததில்லை. கேட்டால், "இந்தா இருக்கு பாபநாசம், எப்ப வேணும்னாலும் போய்க்கிடலாம்லா" என்பார்கள். அப்படி எப்போது வேண்டுமானாலும் போக முடியாது. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. மாதம் தப்பினால் வெறும் பாறையைப் பார்க்கலாம். நேரம் தப்பினால் செக்போஸ்ட்டோடு திரும்பலாம். அனுமதி யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் போனால் மூன்று அலுவலகங்களுக்கு நடையாய் நடக்கலாம். இந்த மூன்றையும் அனுபவித்தவன் எழுதுகிறேன். வேலைக்காக நெல்லைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், இங்கேயே பிறந்தும் தாமிரபரணியைக் கொக்கிரகுளம் பாலத்தில் இருந்து மட்டும் பார்த்தவர்களுக்கும் இது உதவும்.

1. இடத்தை அல்ல, மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தச் சீமையில் எதைப் பார்க்கப் போனாலும் அது தண்ணீரைப் பொறுத்தது. நமக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தைத்தான் நமக்கு அனுப்பும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடப்பதால் அந்த ஈரக்காற்று உள்ளே நுழைந்து குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. அப்போது பாளையங்கோட்டையில் ஒரு சொட்டு இருக்காது, வெயில் மண்டையைப் பிளக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மணிமுத்தாறு அணை நிறைவதும், கீழே குளங்கள் பெருகுவதும், குளம் பெருகினால் பறவைகள் வந்து இறங்குவதும் இந்த மழையால்தான்.

ஆகவே அருவி வேண்டுமென்றால் ஜூன் கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரை. பறவையும் பச்சை வயலும் வேண்டுமென்றால் ஜனவரியில் இருந்து மார்ச் வரை. என்னைக் கேட்டால் ஜனவரிக்குத்தான் முதல் ஓட்டு. பிசான நெற்பயிர் நிற்கும், ஆறு தெளிந்து ஓடும், மலை மேலே மேகம் விலகி உச்சி தெரியும். நவம்பர், டிசம்பரில் அருவிகளை நம்பிக் கிளம்ப வேண்டாம். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், சில நாள் வழியையே அடைத்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்கள்தான் பெரிய பொறி. பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் அப்போதுதான் கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலான அருவிகள் வற்றிக் கிடக்கும். காட்டுத்தீக்குப் பயந்து கோடையில் மலையேற்றப் பாதைகளையும் மூடி வைப்பார்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. உள்ளூர்ப் பதிப்பு நாளிதழ்களில் அணை நீர்மட்டம் தினமும் வரும். பாபநாசம் அணையின் (காரையாறு அணைதான் அது) முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் பாருங்கள். நீர்மட்டம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் நல்ல நேரம். ஒரே நாளில் பல அடி ஏறியிருந்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். விவசாயிகள் மடை திறப்பதற்காகப் பார்க்கும் பகுதி இது, நமக்கும் உதவும்.

2. எந்த இடம் யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அலைச்சல் தொடங்குவது இங்கேதான். மலைப்பகுதியின் பெரும்பங்கு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 1988ல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நிர்வாகத்துக்காக இதை இரண்டு கோட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு துணை இயக்குநர் அலுவலகம், களக்காட்டில் இன்னொன்று. பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு, மாஞ்சோலை எல்லாம் அம்பைக் கணக்கு. களக்காடு தலையணை, செங்கல்தேரி, திருக்குறுங்குடி நம்பி கோயில் எல்லாம் களக்காட்டுக் கணக்கு. ஓர் அலுவலகத்துக்குரிய இடத்துக்கு இன்னோர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் வாங்கக்கூட மாட்டார்கள்.

பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் புலிகள் காப்பகத்தில் சேராது, திருநெல்வேலி வனக்கோட்டத்தைச் சேர்ந்தது. குற்றாலம் 2019 நவம்பரில் இருந்து தென்காசி மாவட்டம். செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டம். ஊர்ப்பேச்சில் எல்லாமே திருநெல்வேலிச் சீமைதான், ஆனால் தடை அறிவிப்பு மாவட்டம் வாரியாகத்தான் வரும். "நெல்லையில் தடை இல்லை" என்று செய்தி பார்த்துவிட்டுக் குற்றாலம் கிளம்புகிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம்.

மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டில் கட்டணம் கட்டி அப்படியே போகக்கூடியவை: அகஸ்தியர் அருவி, காரையாறு, மணிமுத்தாறு அருவி, களக்காடு தலையணை. முன்கூட்டியே மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டியவை: மாஞ்சோலை மலைச்சாலை, செங்கல்தேரி. இணையத்தில் பதிவு செய்ய வேண்டியவை: வழிகாட்டியோடு போகும் மலையேற்றங்கள். வனத்துறையின் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. அதன் தளத்தில் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து எது திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

மனுவை நேரில் கொடுப்பதாக இருந்தால் வேலைநாளில் காலையிலேயே போங்கள். ஓர் அலுவலகத்தில் மதியத்துக்கு மேல் போய் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது, "ஐயா கேம்ப் போயிருக்காவ, நாளைக்கு வாங்க" என்றார்கள். வனத்துறை அதிகாரிகள் பாதி நாள் காட்டுக்குள்தான் இருப்பார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. போன் செய்து, கையெழுத்துப் போடுகிறவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

3. பையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அனுமதி வேண்டிய இடங்களுக்கு: வருகிற எல்லோருடைய ஆதார் நகல், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், ஓட்டுகிறவரின் லைசென்ஸ் நகல், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே போகிறோம் என்று ஒரு வெள்ளைத்தாள் மனு. எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்து வையுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று செக்போஸ்ட்டில் காட்ட. செல்போனில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும், ஜிபே எல்லாம் அத்தோடு சரி. ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் பணம் வையுங்கள்.

வாடகைக் கார் எடுத்தால், மனுவில் எழுதிய வண்டி எண்ணும் வருகிற வண்டி எண்ணும் ஒன்றா என்று முதல் நாள் ராத்திரியே கேளுங்கள். "அந்த வண்டி வேற டிரிப் போயிட்டு அண்ணாச்சி, இதுவும் அதே மாதிரிதான்" என்று காலையில் வேறொரு கார் வந்து நிற்கும். உங்களுக்கு அதே மாதிரிதான். செக்போஸ்ட்காரருக்கு அது வேறு வண்டி.

4. பாபநாசம் – காரையாறு: முதல் பயணத்துக்கு இதுவே போதும்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அனுமதி மனு வேண்டாம், பஸ்ஸிலும் போகலாம், எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும். திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் இருந்து பாபநாசத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. ரயில் என்றால் செங்கோட்டை பாசஞ்சரில் அம்பாசமுத்திரம் இறங்கி அங்கிருந்து பஸ். நான் ரயிலைத்தான் சொல்வேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று போகும்போது வயல் முடிகிற இடத்தில் மலை நேராக எழும்பி நிற்பதை ரயிலில் இருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும். போகும்போது இடது பக்க ஜன்னல்.

பாபநாசம் கோயில் படித்துறையில் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். பொரி வாங்கிப் போட்டால் முழங்கை நீள மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வாயைத் திறக்கும். கலங்காத நாளில் அவற்றின் முதுகுச் செதில்களை எண்ணுகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும். காலுக்கடியில் வழுக்கும், பாசி பிடித்த கடைசிப் படியில் குழந்தைகளை விடாதீர்கள். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடுகிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்தத் துணி எங்கும் போய்விடாது, அடுத்த பாறையில் சுற்றிக்கொண்டு கிடக்கும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

படித்துறையைத் தாண்டினால் செக்போஸ்ட். ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனிக் கட்டணம், ரசீது தருவார்கள், திரும்பி வரும்வரை பத்திரமாக வையுங்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, மது, சோப்பு, ஷாம்பு எதுவும் மேலே போகாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று பாட்டிலோடு வருகிறவர்கள் இங்கே நின்று சண்டை போடுவதில் அரை மணி நேரம் போகும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், சாப்பாட்டுக்கு வாழையிலைப் பொட்டலம் என்று கொண்டுபோனால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

அகஸ்தியர் அருவியில் வருடம் முழுவதும் தண்ணீர் விழும். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. வேலைநாள் காலையில் போனால் அருவி உங்களுக்கே. குளித்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதற்கு மேலேதான் காடு. சாலையில் முண்டந்துறையைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். பாட்டை நிறுத்துங்கள். கீழே செக்போஸ்ட் பக்கம் திரிகிற குரங்கு சாதாரண நாட்டுக் குரங்கு. மேலே மரக்கிளையில் கரிய உடம்பும் பழுப்புத் தலையுமாக நீண்ட வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் அது கருமந்தி. அது நம்மிடம் எதையும் பிடுங்காது, பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். மரத்தின் உச்சியில் யாரோ பலமாகக் கிலுக்கு ஆட்டுகிற மாதிரி சத்தம் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள், மலை அணிலாக இருக்கும். நம் வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு பெரியது, செம்மண் நிறமும் கறுப்பும் கலந்து வால் மட்டுமே ஒரு கை நீளம்.

புலியைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் வராதீர்கள். முண்டந்துறைக்குப் பல வருடமாகப் போகிறவர்களே பார்த்ததில்லை.

காரையாறு அணைக்குப் போனதும் பலர் கேட்பது பாணதீர்த்தம். அணையில் படகு ஏறிப்போய் அருவியில் குளித்த கதையை வீட்டில் பெரியப்பாவோ அத்தையோ சொல்லியிருப்பார்கள். அந்தப் படகுச் சவாரி நின்று பல வருடம் ஆகிறது. நான் கூட்டிப்போகிறேன் என்று தனியாள் யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். வனத்துறை ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா என்று செக்போஸ்ட்டிலேயே கேளுங்கள், இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

மேலே ஏற மதியம் ஒரு மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுங்கள். சாயங்காலம் யாரையும் ஏற விடமாட்டார்கள், ஏறியவர்களையும் இருட்டுவதற்குள் இறக்கிவிடுவார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் காரையாற்றில் இறங்கியதும் கண்டக்டரிடம் கடைசி பஸ் எப்போது என்று கேட்டு வையுங்கள்.

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கமே திரும்ப வேண்டாம், சாமி கும்பிட வந்தால் தவிர. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும். சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பஸ்ஸில்தான் ஏற்றுவார்கள். அது வேறு ஓர் அனுபவம், ஆனால் காடு பார்க்கிற அனுபவம் இல்லை. புலிகள் கணக்கெடுப்பு நடக்கிற நாட்களிலும் மூடிவிடுவார்கள். முதல் நாள் செய்தியில் வந்துவிடும்.

5. மணிமுத்தாறு, மாஞ்சோலை

மணிமுத்தாறு அருவி அணைக்கு மேலே. நீர்வரத்து கூடினால் முதலில் தடை விழுவது இங்கேதான், அருவியின் அடியில் ஆழமான தடாகம் இருக்கிறது. அருவியைத் தாண்டி மேலே ஏறும் சாலைதான் மாஞ்சோலைக்குப் போகிறது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்தை நடத்திய கம்பெனியின் குத்தகை 2028ல் முடிகிறது. 2024லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எனவே நான்கு வருடத்துக்கு முன் போய்வந்தவர் சொல்லும் டீக்கடையையும் தங்கும் இடத்தையும் நம்பிக் கிளம்பாதீர்கள். அம்பாசமுத்திரம் அலுவலகத்தில் அனுமதி கையில் வந்தபிறகுதான் கார் பேச வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் கீழே இருந்தே எடுத்துப் போங்கள். சாலை மோசம், தரை தட்டாத வண்டியாகப் பார்த்து எடுங்கள்.

6. கூந்தன்குளம்: ஜனவரி முதல்

பறவை பார்க்கிற பழக்கமே இல்லாதவர்களைக்கூட இங்கே கூட்டிக்கொண்டு போகலாம். தேட வேண்டியதில்லை, தலைக்கு மேலேயே இருக்கும். பாளையங்கோட்டையில் இருந்து மூலைக்கரைப்பட்டி வழி. பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. இரண்டு மூன்று பேர் என்றால் பைக்தான் வசதி. விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது குளத்தங்கரையில் இருக்கலாம்.

1994ல் சரணாலயம் ஆனது, இப்போது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக இந்தக் குளத்துக்கு வருகிறது. அதனால்தான் போகிற வாரத்தில் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பச் சொல்கிறேன். மழை பொய்த்த வருடம் குளம் காய்ந்து கிடக்கும், பறவையும் வராது.

குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். ஒரு மரத்தடியில் நின்று ஒரு கூட்டை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். தாய் வந்து இறங்கியதும் குஞ்சுகள் கழுத்தை நீட்டி அடித்தொண்டையில் கத்தும். அது குனிந்து தொண்டையில் இருக்கிற மீனைக் கூட்டுக்குள் கக்கும். குஞ்சுகள் பொறுக்கி விழுங்கும். வெயில் ஏறினால் சிறகைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி அசையாமல் நிற்கும். பெரிய பறவைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றுமில்லை, அலகோடு அலகு தட்டுகிற சத்தம்தான். குடையோ தொப்பியோ கட்டாயம், மேலிருந்து என்ன விழும் என்று சொல்ல முடியாது. எச்ச வாடை முதல் கால் மணி நேரம் குமட்டும், அப்புறம் மூக்குக்குப் பழகிவிடும். அந்த எச்சம் கலந்த வண்டல்தான் ஊர்க்காரர்களுக்கு வயல் உரம்.

கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் பழகிய ஆட்கள். குளிர்காலத்தில் மட்டும் வருகிற விருந்தாளி வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புக் கோடு, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். திபெத், மங்கோலியா பக்கத்தில் இருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து இது. பகலில் குளத்தில் கூட்டமாகக் கிடக்கும், வெயில் தாழ்ந்தபிறகு வயலில் மேய இறங்கும். அதனால் நடுமதியம் வந்து போகிறவர்களுக்குத் தூரத்துப் புள்ளிகள்தான் தெரியும்.

இந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. நீங்களும் ஹார்ன் அடிக்காதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள், மரத்தடியில் விழுந்து கிடக்கும் குஞ்சைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். வனத்துறை ஆட்களிடம் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பைனாகுலர் இரவல் கிடைத்தால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) கேட்டு வாங்குங்கள். 10க்கு மேல் போனால் கை நடுக்கத்தில் எதுவும் நிற்காது.

கூந்தன்குளம் பிடித்துப்போனால் அடுத்தது திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடத்தில், கோயிலை ஒட்டிய பெரிய மருத மரங்களில் பறவைகள். 2005ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக அறிவித்தது இந்தச் சின்ன இடத்தைத்தான். கட்டணம், அனுமதி என்று எந்தத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் நடத்துவது. பெயர் கொடுத்தால் தெரிந்தவர்களோடு சேர்த்து அனுப்புவார்கள். பறவை பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

7. தேரிக்காடு

மலையும் ஆறும் மட்டும்தான் நெல்லை என்று நினைப்பவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். திருச்செந்தூர் பக்கம் காயாமொழி, தேரிக்குடியிருப்பு சுற்றிலும் குங்கும நிறத்தில் மணல் மேடுகள். மணலில் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறம். கையில் அள்ளித் தேய்த்தால் விரலில் சிவப்பு ஒட்டும், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். பனையும் கொல்லா மரமும் (முந்திரி) தவிர வேறொன்றும் பெரிதாக நிற்காது. காற்று மணலை அரித்துக்கொண்டுபோனதால் பனையின் வேர் அப்படியே வெளியே தெரியும்.

திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் ரயில், அங்கிருந்து ஆட்டோ. திரும்புவதற்கும் சேர்த்து அப்போதே பேசிவிடுங்கள், உள்ளே ஆட்டோ கிடைக்காது. காலை ஒன்பதுக்குள் பார்த்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். மதியம் மணல் செருப்பைத் தாண்டிச் சுடும். ஆடிக் காற்றில் மணல் கண்ணைத் திறக்க விடாது. மேடு எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் வழி தப்புவது சுலபம். கற்குவேல் அய்யனார் கோயிலை அடையாளம் வைத்து, அது கண்ணில் படுகிற தூரத்துக்குள்ளேயே நடங்கள். பனை சீசனில் காலையில் போனால் பதநீர் கிடைக்கும்.

8. குற்றாலம், களக்காடு

குற்றாலம் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஒன்றே ஒன்று சொல்கிறேன். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் ஒரு மாணவன் உயிர் போனது. தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ, யாரும் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் வெளியே வாருங்கள்.

களக்காடு தலையணை குழந்தைகளோடு போக ஏற்றது, பச்சையாற்றுத் தண்ணீர் கோடையிலும் பல்லைக் கிட்ட வைக்கும். நம்பி கோயிலுக்குத் திருக்குறுங்குடியில் இருந்து ஜீப். ஜீப் நிறைந்தால்தான் கிளம்பும், ஆள் சேரும்வரை காத்திருக்க நேரம் ஒதுக்குங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வேண்டாம்.

9. செலவு

நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்தாலும் பெரிய தொகை இல்லை. பணத்தைத் தின்பது வாடகைக் கார்தான். கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா, மலை ஏறினால் தனியாகக் கேட்பார்களா, டிரைவர் பேட்டா சேர்ந்ததா என்ற நான்கையும் பேசிவிட்டு ஏறுங்கள். பாபநாசமும் கூந்தன்குளமும் ஒரே நாளில் என்று எந்தத் திட்டத்தையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் இரண்டு திசை. ரயிலும் டவுன் பஸ்ஸுமாகப் போனால் செலவு பெருமளவு குறையும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை.

ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஓரிடத்தில் கேமராவுக்கு என்று ஒருவர் கையை நீட்டினார். சீட்டு கேட்டதும், "சரி சரி, போங்க" என்று விட்டுவிட்டார். கேமராவுக்கு உண்மையிலேயே கட்டணம் உள்ள இடங்கள் இருக்கின்றன, அங்கே சீட்டு கிழித்துத்தான் தருவார்கள்.

10. பொதிகை உச்சி

இதையெல்லாம் முடித்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது அகத்தியர் மலையில். 1,868 மீட்டர். 128 கிலோமீட்டர் ஓடுகிற தாமிரபரணி பிறப்பது இந்தப் பொதிகையில்தான். நம் வீட்டு மொட்டை மாடியில் இருந்து தெரிகிற மலை, ஆனால் ஏறுவதற்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். பாபநாசம் பக்கம் இருந்து பொதுமக்களை விடுவதில்லை. கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரியில் தொடங்கும் சீசனுக்கு இணையத்தில் பதிவு திறக்கிறது. விதுரா வழியாகப் போனக்காடு போய், அங்கிருந்து நடந்து அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி ஏறி இறங்கும் மூன்று நாள் பயணம். 2019 முதல் பெண்களும் போகிறார்கள். பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும். எனவே கூட வருகிற எல்லோருடைய அடையாள அட்டை விவரத்தையும் முன்பே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள். உடல் தகுதிக்கான மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். பழைய சான்றிதழைக் கொண்டுபோனால் போனக்காட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், பயணத் தேதியை ஒட்டி வாங்குங்கள்.